மூளைக்கட்டியின் மரபணு மாற்றங்களைச் சமிக்ஞைப் பாதைகளில் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து பேர் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். தமிழ் மொழிமூலம் ஏ.எல். முடித்து, இப்போது மூலக்கூற்று உயிரியலை ஆங்கிலத்தில் படிப்பவர்கள். இன்னொரு பக்கம், சொந்தத்தில் யாருக்காவது மூளையில் கட்டி என்று தெரிந்ததும், "இவள் இதுதானே படிச்சவள்" என்று அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள். இரண்டு கூட்டமும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் குரல்பதிவு அனுப்பி அலுத்துப் போய் இதை எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, தரவோடு வேலை செய்பவள். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் வைத்தியரோடுதான் கதைக்க வேண்டும்.

அக்கா, சமிக்ஞைப் பாதை எண்டா கலத்துக்குள்ள உண்மையாவே ஒரு பாதை இருக்கா?

இல்லை. புரதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செய்தியைக் கைமாற்றும் ஒழுங்கைத்தான் பாதை என்கிறோம். கலமென்சவ்வில் ஈஜிஎஃப்ஆர் என்ற 'வாங்கி', அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்கும் புரதம், நிற்கிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து அதில் ஒட்டினால், அது உள்ளே ராஸ் என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் கலத்தின் கருவுக்குள் போய், கலம் பிரிவதற்குத் தேவையான மரபணுக்களை இயக்கிவிடும். ராஃபிலிருந்து எர்க் வரை நடப்பது ஒரே வேலைதான்: பொசுபேற்றுக் கூட்டம் என்ற சிறு இரசாயனத் துணுக்கை அடுத்த புரதத்தில் ஒட்டுவது.

அதே ஈஜிஎஃப்ஆரிலிருந்து இன்னொரு கிளை பிஐ3கே, ஏகேடி, எம்டோர் என்று போகும். படத்தில் நேர்கோடாக வரைவது எங்கள் வசதிக்கு. உண்மையில் அது புறக்கோட்டைச் சந்தைக்குள் ஒரு செய்தி பரவுவது மாதிரி நாலு வாயால் நாலு பக்கம் போகும், சில வேளை திரும்பியும் வரும்.

நாங்கள் கலம், நிறமூர்த்தம், விகாரம் எண்டு படிச்சது. நெட்டில செல், குரோமோசோம், மியூட்டேஷன் எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டுதானே?

ஒன்றுதான். நான் இங்கே பள்ளிக்கூடத்துச் சொற்களையே வைத்திருக்கிறேன். பரம்பரையலகை மட்டும் மரபணு என்று எழுதுகிறேன், உயிரியல் சேர் மன்னிப்பாராக.

ஆனால் 'விகாரம்' வேறு, 'மாற்றம்' வேறு. விகாரம் என்றால் டிஎன்ஏயின் எழுத்து மாறியிருக்கிறது என்று அர்த்தம். மாற்றம் என்பதற்குள் இன்னும் பல வரும்: மரபணுவின் பிரதிகள் பெருகுவது, மரபணு முழுசாகவே தொலைந்து போவது, இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வது, எழுத்து மாறாமலே மெதைல் கூட்டம் என்ற இன்னொரு இரசாயனத் துணுக்கு ஏறி மரபணு அடைபட்டுப் போவது. மூளைக்கட்டியில் எழுத்துப் பிழையை மட்டும் தேடினால் கதையின் பெரும்பகுதியைத் தவறவிடுவீர்கள்.

விகாரப் பட்டியல் கையில இருக்கே. பிறகேன் அதைக் கொண்டுபோய்ப் பாதையில பொருத்த வேணும்?

இதற்கு 2008-இல் வந்த ஒரு ஆய்வைத்தான் எப்போதும் காட்டுவேன். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம், டிசிஜிஏ என்பார்கள், முதலில் எடுத்துக்கொண்ட நோய் கிளியோபிளாஸ்டோமா, பெரியவர்களுக்கு வரும் கடுமையான மூளைக்கட்டி. 206 கட்டிகளை ஆராய்ந்தார்கள், அவற்றில் 91-இல் எழுத்து வரிசையையும் படித்தார்கள். மரபணு மரபணுவாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் 45 வீதம், பிடென் 36, டிபி53 (பி53 புரதத்துக்குரிய மரபணு) 35, என்எஃப்1 18, எம்டிஎம்2 14. இவை என்ன செய்கின்றன என்பது அடுத்த பதிலில். ஒரு நோயாளியின் பட்டியல் அடுத்தவருடையதைப் போல இல்லை.

அதையே பாதைகளில் அடுக்கியதும் படம் மாறிவிட்டது. வளர்ச்சிப் பாதை 88 வீதமான கட்டிகளில் கெட்டிருந்தது, பி53 பாதை 87 வீதத்தில், ஆர்பி பாதை 78 வீதத்தில். ஏறத்தாழ முக்கால்வாசிக் கட்டிகளில் மூன்றுமே கெட்டிருந்தன. ஆக, கட்டிகள் ஒன்றுக்கொன்று வேறு என்று நினைத்தது பாதி உண்மைதான். கெடுக்கும் வேலை ஒன்று, கெடுக்கும் இடம்தான் ஆளுக்கு ஆள் வேறு. பட்டியலில் இது தெரியாது.

அந்த மூண்டு பாதையும் என்ன செய்யுது? சுருக்கமாச் சொல்லுங்கோ.

முதலாவது, மேலே சொன்ன ஈஜிஎஃப்ஆர், ராஸ், பிஐ3கே கூட்டம். வளரச் சொல்லும் கட்டளை இதில்தான் வருகிறது. இதற்குள்ளேயே அடக்குகிறவர்களும் உண்டு: என்எஃப்1 ராஸை அணைக்கும், பிடென் பிஐ3கே செய்த வேலையைத் திருப்பி அழிக்கும்.

ஆர்பி பாதை ஒரு ரயில் கேட். ஆர்பி புரதம் ஈ2எஃப் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கலம் தன் டிஎன்ஏயைப் பிரதி எடுக்காது. சிடிகே4, சிடிகே6 என்ற நொதியங்கள் ஆர்பியில் பொசுபேற்றை ஏற்றினால் கேட் திறக்கும். அந்த நொதியங்களைத் தடுப்பது பி16. மிச்சமுள்ளது பி53: டிஎன்ஏ பழுதானால் "நில், திருத்து, முடியாவிட்டால் செத்துப் போ" என்று சொல்கிற புரதம். எம்டிஎம்2 அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், பழுது வந்தால்தான் விடும்.

பிள்ளை, ரிப்போர்ட்டில 'ஐடிஎச் வைல்ட் டைப்' எண்டு போட்டிருக்கு. கட்டி காட்டுத்தனமா வளருது எண்டோ?

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து 138 பஸ்ஸில் வரும்போதே அழைத்து இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பதறுவது நியாயம்தான், சொல் அப்படி. ஐடிஎச் என்பது ஒரு மரபணுவின் பெயர். 'வைல்ட் டைப்' என்றால் அந்த மரபணு இயற்கையில் இருப்பதுபோலவே, மாறாமல் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அது அந்த மரபணுவைப் பற்றிய சொல், கட்டியின் குணத்தைப் பற்றியது அல்ல.

ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பெரியவர்களின் கிளியோமாவில் (மூளையின் தாங்குகலங்களிலிருந்து வரும் கட்டிக் குடும்பம், கிளியோபிளாஸ்டோமாவும் அதில் ஒன்று) ஐடிஎச் விகாரம் உள்ள கட்டிகள்தான் பொதுவாக மெதுவாக வளர்பவை. 2021-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரே ஐடிஎச் மாறாத கட்டிகளுக்குத்தான். அதனால் அந்தச் சொல் முக்கியமானதுதான், நீங்கள் பயந்த காரணத்துக்காக அல்ல. அறிக்கையின் மற்ற வரிகளோடு சேர்த்து என்ன அர்த்தம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பாதைப் படத்தில சிவப்பு, நீலம் எண்டு நிறம் போட்டிருக்கு. சிவப்பு எண்டா பாதை கூட வேலை செய்யுது, நீலம் எண்டா குறைவு. சரிதானே?

சரியில்லை. சனிக்கிழமைகளில் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான். நிறம் பெட்டியை, அதாவது அந்த ஒரு மரபணுவைப் பற்றிச் சொல்கிறது, பாதையைப் பற்றி அல்ல. ஈஜிஎஃப்ஆர் பெருகினால் அதன் பெட்டி சிவப்பு. பிடென் தொலைந்தால் அதன் பெட்டி நீலம். இரண்டினாலும் விளைவது ஒன்றே: ஏகேடி முறுக்கேறும். என்எஃப்1 நீலமானால் ராஸ் அணையாமல் எரியும். எம்டிஎம்2 சிவப்பானாலும் டிபி53 நீலமானாலும் பி53-இன் காவல் போய்விடும்.

ஒருமுறை ஒரு தம்பி, பாதையில் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம் என்று எண்ணி, கூட்டிக் கழித்து, "பாதையில் மொத்த மாற்றம் பூச்சியம்" என்று எழுதிக்கொண்டு வந்தார். கணக்குச் சரி, உயிரியல் தலைகீழ். பெட்டியிலிருந்து போகும் கோட்டின் நுனியைப் பாருங்கள். அம்புக்குறி என்றால் தூண்டுகிறது, குறுக்குக் கட்டை என்றால் தடுக்கிறது. தடுப்பவர் தொலைந்தால் அது தூண்டியதற்குச் சமம். பாதையின் கடைசிப் பெட்டியில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று சொல்ல வேண்டும்.

எம்டிஎம்2 பெருகின கட்டியளில டிபி53 விகாரம் பெரும்பாலும் இல்லை. இதென்ன, பேசி வைச்ச மாதிரி?

வீட்டு மெயின் சுவிட்சை ஏற்கெனவே நிறுத்திய கள்ளன், ஒவ்வொரு பல்பாகக் கழற்றிக்கொண்டு நிற்க மாட்டான். எம்டிஎம்2 பெருகி பி53-ஐ அழித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு டிபி53-ஐயும் கெடுப்பதால் புதிய இலாபம் கிடைப்பதில்லை, அதனால் அப்படிப்பட்ட கலம் போட்டியில் முந்துவதும் இல்லை. இதை ஒன்றையொன்று விலக்கும் தன்மை என்கிறோம். பெயர் தெரியாத ஒரு மரபணு தெரிந்த ஒன்றோடு இப்படி விலகி விலகி நின்றால், இரண்டும் ஒரே பாதையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். இரண்டு மாற்றங்கள் இரண்டு வேறு வகைக் கட்டிகளுக்கு உரியவை என்றாலும் சேர்ந்து வராது. 1பி, 19கியூ நிறமூர்த்தத் துண்டுகள் இரண்டும் தொலைவது ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற கிளியோமா வகையின் அடையாளம். ஏடிஆர்எக்ஸ் என்ற மரபணுவின் இழப்பு, ஐடிஎச் விகாரமுள்ள அஸ்ட்ரோசைட்டோமா என்ற இன்னொரு வகையில் வருவது. எல்லாக் கட்டிகளையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கணக்குப் பார்த்தால் 'விலக்கம்' அழகாகத் தெரியும், ஆனால் அதற்குப் பாதி காரணம் வகை வேறுபாடு. முதலில் வகை பிரியுங்கள், அப்புறம் கணக்கு.

சிடிகேஎன்2ஏ ஆர்பி பாதையிலயும் இருக்கு, பி53 பாதையிலயும் இருக்கு. படம் கீறினவை பிழை விட்டிட்டினமோ?

பிழை இல்லை. எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 9ஆம் நிறமூர்த்தத்தின் குட்டைக் கையில் இருக்கும் இந்த ஒரே மரபணு, இரண்டு வேறு புரதங்களைச் செய்கிறது. தொடக்கத் துண்டு இரண்டு வகை, அதற்குப் பிறகு வரும் இரண்டாவது துண்டு இரண்டுக்கும் பொது. ஆனால் அந்தப் பொதுத் துண்டை இரண்டு புரதங்களும் வேறு வேறு இடத்தில் பிரித்துப் படிக்கின்றன. இலக்கண வகுப்பில் 'செம்பொன்பதின்தொடி' என்று ஒரு உதாரணம் படித்திருப்பீர்கள். 'செம்பொன் பதின் தொடி' என்று பிரித்தால் பத்துத் தொடி, பொன். 'செம்பு ஒன்பதின் தொடி' என்று பிரித்தால் ஒன்பது தொடி, அதுவும் செம்பு. எழுத்து ஒன்றே, பொருள் வேறு. சிடிகேஎன்2ஏயும் அப்படித்தான். ஒரு வாசிப்பில் வருவது பி16, அது சிடிகே4, 6-ஐத் தடுத்து ஆர்பி கேட்டைக் காக்கிறது. மற்ற வாசிப்பில் வருவது பி14ஏஆர்எஃப், அது எம்டிஎம்2-ஐப் பிடித்து வைத்து பி53-ஐக் காக்கிறது.

இதனால்தான் கட்டிகளுக்கு இந்த இடத்தை வெட்டி எறிவதில் இவ்வளவு விருப்பம். ஒரு வெட்டு, இரண்டு காவல்காரர் அவுட். 2008 ஆய்வில் பாதிக்கும் சற்று மேலான கட்டிகளில் இது கெட்டிருந்தது. நீங்கள் பொருத்தும்போது செய்ய வேண்டியது: இரண்டு பிரதியும் முழுசாகத் தொலைந்திருந்தால் இரண்டு பாதையிலும் குறியுங்கள். எழுத்து மாற்றம் என்றால் எந்தத் துண்டில் என்று பாருங்கள். பி16-க்கு மட்டும் உரிய தொடக்கத் துண்டில் என்றால் பி53 பக்கத்தைத் தொடாதீர்கள்.

ஒரு பிரதி மட்டும் தொலைந்ததையும் இரண்டும் தொலைந்ததையும் ஒரே நீலத்தில் போடுகிறவர்களுக்கு: ஐடிஎச் விகாரமுள்ள அஸ்ட்ரோசைட்டோமாவில் சிடிகேஎன்2ஏ அல்லது அதன் பக்கத்து வீட்டுச் சிடிகேஎன்2பி இரண்டு பிரதியும் தொலைந்திருந்தால், நுணுக்குக்காட்டியில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் 2021 வகைப்படுத்தலின்படி அது மிகக் கடுமையான 4ஆம் தரம். ஒரு பிரதி மட்டும் போனால் அப்படியில்லை. நிறத்தை அலட்சியமாகப் போட்டால் தரமே மாறிப்போகும்.

அடிக்கடி மாறின மரபணு எண்டு வரிசைப்படுத்தினா டைட்டின் மேல வருது. அது எந்தப் பாதை?

தசைநாரின் பாதை, மூளைக்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனித உடலின் மிகப் பெரிய புரதத்துக்குரிய மரபணு அது. நீளமான சுவரில் கிறுக்கல் அதிகம் இருக்கும், அவ்வளவுதான். மணம் உணரும் வாங்கிகளின் மரபணுக்களும் இப்படி வந்து ஏமாற்றும். நீளத்தையும் அந்த இடத்தில் இயல்பாக விகாரம் ஏறும் வேகத்தையும் கழித்துப் பார்த்தபின் மிஞ்சுபவைதான் கட்டியை வளர்க்கும் ஓட்டுநர்கள். மற்றவை பஸ்ஸில் ஏறிய பயணிகள்.

எந்த சொஃப்ட்வெயார் பாவிக்கிறது? காசு கட்ட வேணுமோ?

தொடங்குவதற்குக் காசு தேவையில்லை. சிபயோபோர்ட்டல் என்ற இணையத்தளத்தில் டிசிஜிஏ தரவெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, உலாவியிலேயே வேலை செய்யும். மரபணுப் பெயர்களைக் கொடுத்தால் ஆன்கோபிரிண்ட் என்ற கட்டப்படம் தரும். ஒவ்வொரு நிரலும் ஒரு நோயாளி, விலக்கம் இருந்தால் கண்ணாலேயே தெரியும். பாதை வரைவதற்கு அங்கேயே பாத்வேமேப்பர் இருக்கிறது. ஜப்பானின் கெக் தளத்தில் கிளியோமாவுக்கென்றே ஒரு வரைபடம் உண்டு. ரியாக்டோம் இன்னும் விரிவானது, புதியவர்களைத் தலைசுற்ற வைக்கும். சொந்தமாக வலையமைப்பு வரைய சைட்டோஸ்கேப்.

பாதையின் எல்லையை யார் தீர்மானிப்பது என்று குழம்பினால், 2018-இல் டிசிஜிஏ குழு 33 வகைப் புற்றுநோய்களின் 9,125 கட்டிகளை வைத்துச் செய்த ஆய்வின் 10 பாதை வார்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மரபணு தூண்டும், எது தடுக்கும் என்று அதில் குறித்திருக்கிறார்கள். ஆனால் என் பேச்சைக் கேட்பதென்றால், முதல் படத்தைக் கொப்பித் தாளில் பென்சிலால் கீறுங்கள். கணினி கீறித் தந்த படத்தில் எந்தக் கோடு ஏன் போகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் வாய் திறப்பதில்லை.

எக்சோம் செய்தோம், டெர்ட் மாற்றம் இல்லை எண்டு வந்தது. அப்ப டெர்டை 'நோர்மல்' எண்டு போடலாமோ?

வேண்டாம். எக்சோம் என்றால் புரதமாகும் பகுதியை மட்டும் படிப்பது. டெர்ட்டின் பிரபலமான இரண்டு மாற்றங்கள், சி228டி, சி250டி, மரபணுவுக்கு முன்னால் இருக்கும் இயக்கிப் பகுதியில் நடப்பவை. ஒரு எழுத்து மாறியதும் அங்கே புதிதாக ஒரு சுவிட்ச் முளைத்து, நிறமூர்த்த நுனியைத் தேயாமல் காக்கும் டெலோமரேஸ் நொதியத்தைக் கலம் செய்யத் தொடங்கிவிடும். ஐடிஎச் மாறாத கிளியோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. எக்சோம் அந்தப் பக்கம் சரியாகப் பார்ப்பதே இல்லை.

என் முதல் வரைபடத்தில் மாறாததற்கும் பார்க்காததற்கும் ஒரே வெள்ளையைப் போட்டுக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைத் தொட்டு, "இது என்ன வெள்ளை?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பார்த்து மாறாதது வெள்ளை, பார்க்காதது சாம்பல். இணைவுகள், மெதைல் ஏற்றம், ஈஜிஎஃப்ஆரின் 2 முதல் 7 வரையான துண்டுகள் விடுபட்ட விIII வடிவம் எல்லாவற்றையும் எந்தச் சோதனை பார்க்கும், எது பார்க்காது என்று தனி அட்டவணை வைத்திருங்கள்.

மேலே சொன்ன 'வைல்ட் டைப்' கேள்விக்கும் இது பொருந்தும். சாயமூட்டிப் பார்க்கும் வழமையான சோதனை ஐடிஎச்1-இன் ஆர்132எச் என்ற ஒரு விகாரத்தைத்தான் பிடிக்கும். மிக அதிகமாக வருவது அதுதான், ஆனால் அது ஒன்றே அல்ல. வயது குறைந்த நோயாளியில் சாயம் ஏறாவிட்டால் எழுத்து வரிசையைப் படித்துத்தான் 'வைல்ட் டைப்' என்று சொல்ல வேண்டும்.

ஐடிஎச்சை எந்தப் பாதையில வைக்கிறது? எங்கேயும் பொருந்தேல்லையே.

பொருந்தாது. அது சமிக்ஞை கடத்தும் புரதமே அல்ல, அனுசேபத்தில் வேலை செய்யும் நொதியம். 2008-இல் அது கிளியோபிளாஸ்டோமா தரவில் தலைகாட்டியபோது பலருக்கும் வியப்பு (அப்போது ஐடிஎச் மாறிய கட்டிகளுக்கும் அந்தப் பெயர் இருந்தது). விகாரம் ஏறியபின் அது பழைய வேலையை விட்டுவிட்டு 2-ஹைட்ரொக்சிகுளூட்டரேட் என்ற பொருளைச் செய்து குவிக்கிறது என்று அடுத்த வருடம் தெரிந்தது. அந்தப் பொருள் டிஎன்ஏயிலிருந்தும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்தும் மெதைல் கூட்டத்தை அகற்றும் நொதியங்களை முடக்கும். மெதைல் ஏறிக்கொண்டே போகும், கலம் முதிர்ச்சியடையாமல் நிற்கும்.

ஆகவே படத்தில் மூன்று பாதைகளுக்கு வெளியே 'குரோமற்றின்' (டிஎன்ஏயும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொதி) என்று ஒரு பெட்டி போட்டு, அங்கே வையுங்கள். சிறுவர்களின் மூளையின் நடுக்கோட்டுக் கட்டிகளில் வரும் ஹிஸ்டோன் எச்3 கே27எம் மாற்றத்துக்கும் இடம் அதுவே. பாதையில் இடம் இல்லை என்பதற்காக மருந்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். விகாரமடைந்த ஐடிஎச்சைத் தடுக்கும் வொராசிடெனிப் மாத்திரைக்கு 2024 ஓகஸ்டில் அமெரிக்காவில் 2ஆம் தர கிளியோமாக்களுக்கு அனுமதி கிடைத்தது.

எம்ஜிஎம்டி?

அதுவும் சமிக்ஞை அல்ல, டிஎன்ஏ திருத்தம். கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கொடுக்கும் டெமோசோலோமைட் மருந்து டிஎன்ஏயில் ஒட்டும் மெதைலை இந்தப் புரதம் பிடுங்கி எறியும். அதன் இயக்கிப் பகுதியில் மெதைல் ஏறி அடைபட்டிருந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும் என்று 2005-இல் காட்டினார்கள். படத்தின் ஓரத்தில் குறித்தால் போதும்.

ஈஜிஎஃப்ஆர் பெருகியிருக்கு எண்டினம். நுரையீரல் புற்றுநோய்க்குக் குடுக்கிற ஈஜிஎஃப்ஆர் குளிசையைக் குடுத்தா என்ன?

எர்லோடினிப், ஜெஃபிடினிப் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. முதல் காரணம், மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு பல மருந்துகளைப் போதிய அளவு உள்ளே விடுவதில்லை. அடுத்தது, மரபணு ஒன்றே ஆனாலும் உடைந்த இடம் வேறு. நுரையீரலில் விகாரம் வருவது உள்ளே இருக்கும் நொதியப் பகுதியில், அந்தக் குளிசைகள் அந்த விகாரத்தில்தான் நன்றாகப் பிடிக்கின்றன. கிளியோபிளாஸ்டோமாவில் பெரும்பாலும் கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்.

மிச்சத்தைப் படத்தைப் பார்த்தே சொல்லலாம். பிடென் தொலைந்த கட்டியில் மேலே ஈஜிஎஃப்ஆரை மூடினாலும் கீழே பிஐ3கே கிளை அடங்காது. அதோடு ஒரே கட்டியில் பிடிஜிஎஃப்ஆர்ஏ, மெட் போன்ற வேறு வாங்கிகளும் விழித்திருக்கும். காலி வீதியை மறித்தால் வாகனம் எல்லாம் ஒழுங்கைகளால் இறங்கி மரைன் டிரைவைப் பிடிக்கிற கதைதான். கலத்துக்குக் கலமும் வேறுபாடு உண்டு. ஈஜிஎஃப்ஆர் விIII வடிவத்தைக் குறிவைத்த ரின்டோபெபிமட் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை பலனில்லை என்று 2016-இல் நிறுத்தப்பட்டது. திரும்பி வந்த கட்டிகள் பலவற்றில் அந்த விIII வடிவமே இல்லாமல் போயிருந்தது, தடுப்பூசி போடாதவர்களிலும் கூட.

ஒரு பாதை கெட்டிருக்கெண்டு தெரிஞ்சா, எங்க கெட்டாலும் மருந்து ஒண்டுதானே?

இல்லை, இடம்தான் எல்லாம். இதற்கு மெடுல்லோபிளாஸ்டோமாவை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. சிறுவர்களின் சிறுமூளையில் வரும் இந்தக் கட்டி டபிள்யூஎன்டி, எஸ்எச்எச், 3ஆம் குழு, 4ஆம் குழு என்று நாலாகப் பிரியும், முதலிரண்டும் பாதையின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. எஸ்எச்எச் பாதையில் பிடிசிஎச்1 என்பது எஸ்எம்ஓவை அடக்கும். எஸ்எம்ஓ விடுபட்டால் எஸ்யுஎஃப்யு கையை எடுக்கும், கடைசியில் ஜிஎல்ஐ கருவுக்குள் போகும். விஸ்மோடெகிப் மருந்து எஸ்எம்ஓவைத் தடுக்கிறது. பிடிசிஎச்1 கெட்ட கட்டியில் அது வேலை செய்ய வாய்ப்பு உண்டு. எஸ்யுஎஃப்யு தொலைந்தாலோ ஜிஎல்ஐ2 பெருகினாலோ உடைவு மருந்துக்குக் கீழே இருக்கிறது, ஆகவே பலனில்லை. தோட்டத்துக் குழாய் வெடித்த பிறகு தண்ணீர்த் தாங்கியின் மூடியை இறுக்கி என்ன? மூன்றுமே 'எஸ்எச்எச் பாதை செயலில்' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வரும். வளரும் பிள்ளைகளில் இந்த மருந்து எலும்பு நீளும் இடத்தை முன்கூட்டியே மூடிவிடும் என்பது வேறு சிக்கல்.

பி-ராஃப் மாற்றம் எண்டு ரெண்டு பிள்ளையளுக்கு வந்தது. ஒருத்தருக்கு டப்ராஃபெனிப், மற்றவருக்கு அது கூடாது எண்டினம். ஏன்?

முந்தைய பதிலில் இடம் வேறு. இங்கே இடமும் ஒன்று, மரபணுவும் ஒன்று, மாற்றத்தின் வகைதான் வேறு. பி-ராஃப் என்பது முதல் பதிலில் சொன்ன ராஃப் குடும்பத்தில் ஒன்று. வி600ஈ என்ற எழுத்து மாற்றம் உள்ள பி-ராஃப் தனியாளாக நின்றே மெக்கை எழுப்பும். டப்ராஃபெனிப் அதை அடக்கும். டிராமெடினிபோடு சேர்த்து இதைச் சிறுவர்களின் குறைந்த தரக் கிளியோமாவுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா என்ற குறைந்த தரக் கட்டியில் அதிகம் வருவது கேஐஏஏ1549 என்ற மரபணுவோடு பி-ராஃப் ஒட்டிக்கொண்ட இணைவு. அதில் பி-ராஃப் தன்னைத்தானே அடக்கும் பகுதியை இழந்து, இரட்டையாகச் சேர்ந்து வேலை செய்கிறது. டப்ராஃபெனிப் வகை மருந்து இரட்டையில் ஒருவரைப் பிடித்தால் மற்றவர் இன்னும் துள்ளுவார், பாதை அடங்குவதற்குப் பதில் ஏறும். அதனால் இவர்களுக்கு ஒருபடி கீழே மெக்கைத் தடுக்கும் மருந்துகள், அல்லது 2024-இல் அனுமதி பெற்ற டோவோராஃபெனிப் போல இரட்டையையும் அடக்கக்கூடியவை. படத்தில் வெறுமனே 'பி-ராஃப், சிவப்பு' என்று போட்டால் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகத் தெரிவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் மாற்றத்தின் பெயரையும் எழுதுங்கள்.

டிபி53 விகாரம் எண்டு அவரின்ர ரிப்போர்ட்டில இருக்கு. எங்கட பிள்ளையளுக்கும் வருமோ?

பெரும்பாலும் இல்லை. இந்த மாற்றங்களில் மிகப் பெரும்பகுதி அந்தக் கட்டியின் கலங்களில் வாழ்நாளில் ஏற்பட்டவை, விந்திலும் முட்டையிலும் இருப்பவை அல்ல. சில குடும்பங்களில் டிபி53, என்எஃப்1, பிடிசிஎச்1, எஸ்யுஎஃப்யு ஆகியவற்றின் விகாரம் பிறப்பிலேயே கடத்தப்படுவதுண்டு. கட்டியை மட்டும் படித்த அறிக்கையால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, இரத்தத்தையும் பார்க்க வேண்டும். நோயாளிக்கு வயது மிகக் குறைவு என்றாலோ குடும்பத்தில் வேறு புற்றுநோய்கள் இருந்தாலோ வைத்தியரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

திரும்பி வந்த கட்டியில ஆயிரக்கணக்கில விகாரம். எல்லாப் பாதையும் கெட்டிருக்கு எண்டு காட்டுது. உண்மையா?

முதலில் நோயாளி டெமோசோலோமைட் எடுத்தவரா என்று பாருங்கள். எம்எஸ்எச்6 போன்ற பிழைதிருத்த மரபணு கெட்ட கட்டிகளில் அந்த மருந்து விகாரங்களைக் கொட்டித் தள்ளும், சி என்பது டி ஆக மாறுவதே மிக அதிகமாக இருக்கும். டைட்டின் பற்றிச் சொன்ன அதே பயணிகள்தான், இம்முறை பஸ் நிரம்பி வழிகிறது. அத்தகைய கட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு, செயற்பாடு தெரிந்த மாற்றங்களை மட்டும் பொருத்துங்கள்.

என்ரிச்மென்ட் அனாலிசிஸ் ஓட்டினன் அக்கா. 'கிளியோமா பாதை' முதலாவதா வந்தது, பி பெறுமானம் அவ்வளவு சின்னன்! தீசிஸில போடட்டோ?

என்ரிச்மென்ட் என்றால், உங்கள் பட்டியலில் ஒரு பாதையின் மரபணுக்கள் தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட அதிகமா என்று பின்னணிப் பட்டியல் ஒன்றோடு ஒப்பிடும் கணக்கு. பி பெறுமானம் சின்னதென்றால் தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் எந்தத் தரவில் ஓட்டினீர்கள்? கேட்டவர் வைத்திருந்தது சில நூறு புற்றுநோய் மரபணுக்களை மட்டும் படிக்கும் பனல் சோதனை. அந்த மரபணுக்களைத் தெரிவு செய்தவர்களே அவை புற்றுநோய்ப் பாதைகளில் இருப்பதால்தான் தெரிவு செய்தார்கள். அதிலிருந்து எதை அள்ளினாலும் புற்றுநோய்ப் பாதைதான் வரும். கருவாட்டுக் கடைக்குள் நின்றுகொண்டு கொழும்பே கருவாடு மணக்கிறது என்பது போல. மென்பொருள் பின்னணியாக மனித மரபணுக்கள் இருபதாயிரம் சொச்சத்தையும் எடுத்துக்கொண்டது, உங்கள் சோதனை பார்த்ததோ சில நூறு.

பின்னணியை அந்தப் பனல் பட்டியலாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பார்க்காததைச் சாம்பல் என்றேனே, அதே விடயம்தான் இங்கே கணக்கில் வருகிறது. இன்னொன்று, 'கிளியோமா பாதை' என்று கெக்கில் இருப்பது ஏற்கெனவே தெரிந்த கிளியோமா மரபணுக்களைச் சேர்த்துக் கீறிய படம். கிளியோமாவில் அது வருவது கண்டுபிடிப்பு அல்ல, உங்கள் தரவு கலந்து போகவில்லை என்பதற்கு அத்தாட்சி. கேட்ட தங்கை பின்னணியை மாற்றி ஓட்டியபோது அந்தச் சின்னப் பி பெறுமானம் காணாமல் போய்விட்டது. மிஞ்சியது ஒரேயொரு பாதை, அதுவும் ஏழு கட்டிகளில். இப்போது அந்த ஏழையும்தான் ஒவ்வொன்றாகப் பென்சிலால் கீறிக்கொண்டிருக்கிறாள்.